காற்று இறங்காத பள்ளம்

சளிக்கு ரசம் வைக்கலாமென்று இன்று காலை மிளகு டப்பாவைத் திறந்தேன். நாமக்கல் கடையில் வாங்கிய மிளகுதான். ஆனாலும் அந்த நெடி ஏறியதும் தும்மலோடு காளியப்பனின் பள்ளமும் வந்துவிட்டது. பிறகு எங்கே ரசம் வைப்பது?

கொல்லிமலையின் தை மாதக் காற்று உங்களுக்குப் பழக்கமோ என்னவோ. அந்த மலையில் திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூரை பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று போர்வைக்குள் கிடப்பேன். குடியிருந்த வீடு காளியப்பனுடையது. அவருக்கும் என் வயதுதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்துக்குள் அவருடைய மிளகுத் தோட்டம். நெடுநெடுவென்று சில்வர் ஓக் மரங்கள், உச்சிவரை மிளகுக் கொடி. மேலே ஊரே ஆடிக்கொண்டிருக்கும். பள்ளத்துக்குள் சருகுகூட அசையாது. குளிர்காலத்துக்கு வந்த பறவைகளெல்லாம் அங்கேதான் ஒண்டும்.

அவற்றைப் பார்க்கவே பைனாகுலர் வாங்கினேன். முதலில் சில நாள் அதில் நான் கண்டது என் இமை மயிரைத்தான். பிறகு ஆறுமணிக் குருவி தெரிந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. தரையில் தத்தித் தத்திச் சருகைக் கிளறும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் விசில் அடிக்கும். மாலையில் அதைக் கேட்டுத்தான் காளியப்பன் ஏணியை விட்டு இறங்குவார்.

"கூப்புட்டுருச்சுங்க சார், எறங்கிக்கறேன்" என்பார், மேலதிகாரி உத்தரவு போட்டதுபோல.

காற்று நாளில் மிளகு மரம் ஏறக் கூடாது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு நாள் அவர் ஏணியை எடுத்தபோது அவர் மனைவி வள்ளி சொல்லவும் செய்தார்.

"இன்னிக்கு வேண்டாமுங்க. காத்து ஊளையிடுது."

"பள்ளத்துல ஏது காத்து? சார் காலடியில சருகு அசையுதா பாரு."

அசையவில்லை. ஒற்றை மூங்கில் ஏணியில், கணுவில் கால் வைத்து ஏறினார். பள்ளத்தின் அமைதி கரை மட்டம் வரைக்கும்தான். அதைத் தாண்டி நின்ற மர உச்சி முழுக்காற்றில் இருந்தது. நான் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சட்டென்று பறந்தது. ஏனென்று தலை தூக்குவதற்குள் ஏணி சாய்ந்துவிட்டது.

காளியப்பன் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் மலை இறங்கும்போது அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு "இருங்க, இருங்க" என்றார் வள்ளி.

மறுவருடம் வள்ளி மரங்களை வெட்ட ஆள் விட்டார். ஏறிப் பறிக்க ஆளில்லை என்று ஊருக்குச் சொன்னார். என்னிடம், "அந்த உச்சியவே பாத்துட்டு உக்காந்திருக்காருங்க சார். எனக்குத் தாங்கல" என்றார். மரங்கள் போனதும் காற்று பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. மரவள்ளி நட்டார்கள். நானும் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன்.

போன வாரம் போயிருந்தேன். பழைய பைனாகுலரையும் எதற்கோ எடுத்துப் போயிருந்தேன். பையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. காளியப்பன் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார். காற்று மரவள்ளிச் செடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்ததும், பேசிக்கொண்டிருந்த என்னைக் கையமர்த்திவிட்டுப் பள்ளத்துப் பக்கம் காது கொடுத்தார். நானும் கேட்டேன். காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

வள்ளி வந்து நாற்காலியின் பின்னால் நின்றார்.

"கூப்புட்டுருச்சுங்க. உள்ள போலாம்."

காளியப்பன் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். "எனக்கும் கேட்டுச்சு."