செல்வராசு அனுப்பாத ராஜினாமா

போன மாதம் மஸ்கட்டிலிருந்து செல்வராசுவின் ஈமெயில். 'முக்கியம். இணைப்பைப் பார்க்கவும்.'

ஒரத்தநாட்டுக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டு, கதிர் அறுத்துப் படிக்கவைத்த பிள்ளை. பதினோரு வருடமாக மஸ்கட்டில் ஆபீஸ் வேலை. அவர் முக்கியம் என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா?

திறந்தேன். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது... இந்த ஃபைலில் மேக்ரோ இருக்கிறது, இயங்க விடலாமா?

மேக்ரோ வேறொன்றுமில்லை. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்துகொள்ள, ஃபைலுக்குள் எழுதிவைக்கும் கட்டளை. அதையே திருட்டுத்தனத்துக்கும் எழுதலாம் என்று எனக்குத் தெரியுமா? யார் வீட்டிலாவது காபி சாப்பிடுறீங்களா என்றால் 'வேண்டாங்க' என்கிற நாம், கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'யெஸ்'தான்!

வந்தது — ராஜினாமாக் கடிதம். 'மனைவிக்கு உடல்நிலை சரியில்லை. ஊர் திரும்புகிறேன்.'

அடடா, மலர்க்கொடிக்கு என்ன ஆச்சு? பதறும்போதே செல்வராசுவின் போன்.

"அண்ணே, என் மெயிலைத் தொறந்துடாதீங்க!"

"தொறந்துட்டேனே..."

"போச்சு! அது ரெண்டு வருசமா எழுதி வச்சிருந்த லெட்டர்ணே. அனுப்பத் தைரியம் வரலை. வைரஸு அனுப்பிடுச்சு!"

யாரோ அனுப்பிய விலைப்பட்டியலுக்கு அவரும் 'யெஸ்' அழுத்தியிருக்கிறார். உள்ளே ஒளிந்திருந்த வைரஸ், அடுத்து அவர் திறந்த கடிதத்தில் தொற்றி, முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அதை அனுப்பிவிட்டது. முதலாளிக்கும்தான்.

என் கம்ப்யூட்டர் மட்டும் சும்மா இருக்குமா? நான் பாதி எழுதியிருந்த கட்டுரையைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டது. கெடுவுக்கு முன்னால் என் கட்டுரை போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை!

சரிசெய்ய வந்த மெக்கானிக் சொன்னார்: "தெரிஞ்சவங்க பேர்ல வந்தாலும் 'நோ' அழுத்துங்க சார். ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு அப்புறமா தொறங்க."

அங்கே முதலாளி செல்வராசுவைக் கூப்பிட்டு, மனைவிக்கு என்ன நோய் என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார். இவருக்குக் கூசிவிட்டது. மனைவி நன்றாகத்தான் இருக்கிறாள், தன்னால்தான் இனி முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு முந்தின வாரம் வீட்டுக்குப் பேசியபோது மகள் எடுத்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டாளாம்.

அதைக் கேட்ட முதலாளி, முதலில் இரண்டு மாதம் ஊருக்குப் போய்வா, ராஜினாமாவை அப்புறம் பார்க்கலாம் என்றாராம்.

நேற்று ஒரத்தநாடு போயிருந்தேன். மகள் அப்பாவின் தோளைவிட்டு இறங்கவில்லை. ஸ்கூல் டீச்சரான மலர்க்கொடி, பிரவுசிங் சென்டரில் அந்தக் கடிதத்தைப் படித்த கோபம் இன்னும் ஆறாமல் காபி வைத்தார்.

"எனக்கு உடம்புக்கு என்னங்க? தெனம் ஆறு பீரியட் கத்திட்டு வர்றேன்!"

செல்வராசு தலையைக் குனிந்துகொண்டார். மலர்க்கொடியின் குரல் இறங்கியது.

"வரணும் போல இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வைரஸா வந்து சொல்லணும்?"