கல்யாண வீட்டுக் கரண்டில் ஒரு வைவா

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, மின்வெட்டு எல்லோரையும் பாடாய்ப் படுத்திய காலம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆன்லைனிலேயே படித்து முடிக்கிற எம்.சி.ஏ. ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அப்போது எங்கள் பக்கம் ஆன்லைன் என்றால் ரயில் டிக்கெட் எடுப்பதுதான்.

சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு லீவு வெள்ளிக்கிழமை என்பதால் வகுப்புகளையும் வெள்ளிக்கே வைத்தேன். இதென்ன கூத்து என்று கமிட்டியில் முணுமுணுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பரீட்சையை யார் எழுதுகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்பது அவர்களுடைய பெரிய சந்தேகம். கடைசியில் வரும் வாய்மொழித் தேர்வை, வைவாவை, வீடியோவில் வைப்போம், வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது கொடுக்கட்டும், பக்கத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் உட்காரட்டும் என்றேன். முதல் வைவா தடங்கலில்லாமல் நடந்தால் படிப்பு தொடரும், இல்லையென்றால் மூட்டை கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த முதல் வைவா அதிராம்பட்டினத்தில் ஒரு பெண்ணுக்கு. கணவர் ஷார்ஜாவில். கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் படித்தவள். நானே கூட உட்காரப் போனேன். போய்ச் சேர்ந்தபோது காலையிலிருந்தே கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரும் உயிரை விட்டிருந்தது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் மோடம் அணைந்து கிடந்தது. தேர்வாளர் சென்னையில் திரை முன்னால் வந்து உட்காரும் நேரம். அவள் படிப்பு மட்டுமல்ல, என்னை நம்பிச் சேர்ந்த எல்லோருடைய படிப்பும் அந்த மோடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டில் அன்று கல்யாணம். அவளுடைய மாமியார் விறுவிறுவென்று அங்கே போக, மணப்பெண்ணின் தகப்பனாரே வந்து கல்யாண ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துத் தந்தார். மோடத்தில் விளக்கு எரிந்தது. ஆனால் ஜெனரேட்டர் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று உறுமியது, மைக்செட் பாட்டு வேறு. பக்கத்தில் இருந்த எனக்கே அவள் பேசுவது கேட்கவில்லை. கல்யாண வீட்டில் போய்ச் சத்தம் போடாதீர்கள் என்று யார் சொல்வார்கள்? பெண்ணின் தகப்பனாரிடம் கூசிக் கூசித்தான் சொன்னேன்.

அவர் ஒரு கணம்தான் யோசித்தார். "ஜெனரேட்டர் வண்டியைத் தெருக்கோடிக்குத் தள்ளிடலாம் டீச்சரம்மா. மாப்பிள்ளை வர நேரமிருக்கு. சாப்பிடுறவங்களுக்குக் கொஞ்சம் வேர்த்தா வேர்த்துட்டுப் போகுது, புள்ள பரீட்சைய முடிக்கட்டும்."

பாட்டு நின்றது. பந்தலில் ஃபேன்கள் நின்றன. அத்தர் மணக்க வெள்ளைச் சட்டையில் வந்திருந்த விருந்தாளிகள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளினார்கள். மைக்செட்காரர் பந்தலுக்குப் போட்டிருந்த ஒயரையெல்லாம் கழற்றி ஒட்டுப்போட்டார். இருந்த ஒயர் அத்தனையும் இந்த வீட்டுக்கு வந்து சேரவே சரியாகப் போயிற்று. பந்தலுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

வைவா நடந்தது. ஜன்னல் வழியாகப் பந்தல் தெரிந்தது. நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டு ஒவ்வொன்றையும் சுற்றி உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சே இல்லை. பரிமாறுகிறவர்கள் இன்னும் வேண்டுமா என்று சைகையில் கேட்டார்கள். ஒரு கல்யாண விருந்து இப்படி அமைதியாக நடந்து நான் பார்த்ததே இல்லை. பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளருக்கு இது எதுவும் தெரியாது. வீடு அமைதியாக இருக்கிறது என்று மட்டும் பாராட்டினார்.

தேர்ச்சி என்று அவர் சொன்னதும் அவள் வாசலுக்கு வந்து தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் பந்தலில் ஒரே நேரத்தில் கிளம்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னையும் விடாமல் இழுத்துக்கொண்டுபோய்ப் பெண்கள் பக்கத்தில் ஒரு சஹனில் உட்காரவைத்தார்கள்.

படிப்பு தொடர்ந்தது. தனியாகப் படித்து முன்னுக்கு வந்தேன் என்று இன்றைக்கும் யாராவது சொன்னால், ஃபேன் இல்லாத பந்தலில் வேர்க்க விறுவிறுக்க, ஒரு சொல் பேசாமல் சாப்பிட்ட அந்த மனிதர்கள்தான் என் கண்முன் வந்து நிற்கிறார்கள்.