செங்கல் நிறக் கதவு

எங்கள் கார் பட்டறையில் மச்சானின் கண்தான் சட்டம். அக்கா வீட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் தகட்டைத் தட்டி ஒடுக்கு எடுப்பேன். அவர் பழைய பெயிண்டோடு ஒட்டிப்போகிற மாதிரி கலர் கலப்பார். எது புதுசு, எது பழசு என்று வண்டிக்காரனே திணறுவான். அவரைக் "கழுகு" என்றுதான் பட்டறையே கூப்பிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு டிபி வந்தது. மாத்திரையை ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினார். இருமல் நின்றது, உடம்பும் தேறியது. அப்போதுதான் சிவப்பு சரியில்லை என்று ஆரம்பித்தார்.

"டப்பாவுல வர்றதே வெளுத்த சரக்குடா."

கழுகு சொன்னால் மறுபேச்சு ஏது? பெயிண்ட் கடைக்காரரை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். டியூப்லைட்டைக்கூட மாற்றினோம்.

பிறகு ஒரு சிவப்புக் காரின் கதவுக்கு அவர் பெயிண்ட் அடித்தார். வெயிலில் கொண்டுவந்து பார்த்தால், வண்டி சிவப்பு, கதவு மட்டும் செங்கல்.

"என்ன மச்சான் இது?"

"ஏன், அச்சு அசலா சேர்ந்திருக்கே!"

நான் உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

அக்கா அவரைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நானும் போனேன். அந்த மாத்திரைகளில் ஒன்று அபூர்வமாகச் சிலருக்குக் கண் நரம்பைத் தாக்குமாம்.

"பார்வையில எது மாறினாலும் உடனே வாங்கன்னு சொன்னேனே?" என்றார் டாக்டர் அம்மா.

"பார்வை நல்லாத்தானே இருக்கு, பேப்பர் படிக்கிறேன். பெயிண்ட்தான் மாறிடுச்சுன்னு நெனச்சேன்."

பாவி மனுஷன்! அவர் சொன்னதை நம்பிய நான் மட்டும் என்ன யோக்கியம்?

அந்த ஒரு மாத்திரையை நிறுத்தி, மற்றதை விடாமல் சாப்பிடச் சொன்னார்கள். நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வண்டிக்காரருக்கு வேறு கதவு வாங்கி, வெளியாளை வைத்து அடித்துக் கொடுத்தோம். கெட்டுப்போன கதவை மச்சான் சுவரில் சாய்த்து, பக்கத்தில் சரியான சிவப்பு அடித்த தகடு ஒன்றையும் வைத்தார். தினமும் காலையில் இரண்டையும் பார்ப்பார். உதட்டைப் பிதுக்கிவிட்டு, உப்புத்தாள் தேய்க்கப் போய்விடுவார். அவரைக் கழுகு என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அவர் குரல் கேட்டது.

"டேய், இங்க வா. இந்தக் கதவு கேவலமா இருக்கு. எவன்டா அடிச்சது?"

"நீங்கதான் மச்சான்!" என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சிரித்தார். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கதவை மறுபடி பார்த்தார், ரொம்ப நேரம்.

"இந்தக் கண்ணுக்குக் கதவு இன்னும் நல்லாத்தான்டா இருக்கு," என்றார்.