ஐயாயிரத்து நாற்பத்தொன்று

சங்கரன்கோவிலில் ராஜதுரை அண்ணாச்சியின் விசைத்தறிக் கூடத்தில் சேலையின் நீளவாட்டு இழைகளைச் சுற்றிப் பாவு ஓட்டுகிற இசக்கிச்செல்விக்கு எண்களைச் சும்மா விட்டுவைக்கத் தெரியாது. பஸ் நம்பரைப் பார்த்தால்கூட எதால் வகுபடும் என்று மனசு ஓடும். படிப்பைப் பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். இந்தப் பழக்கத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை.

அண்ணாச்சிக்கு வேறொரு பைத்தியம். மொய் எழுதுகிற மாதிரி, எந்தக் கணக்கும் சுழியில் முடியக் கூடாது. சேலைக்கு வேண்டியது ஐயாயிரத்து நாற்பது இழை. தங்கமான எண்! ஒன்றிலிருந்து பத்துவரை எதால் வகுத்தாலும் மிச்சமே வராது. ஸ்டாண்டில் எழுபத்திரண்டு நூல் கோன் மாட்டி, கோனுக்கு ஓர் இழையாகச் சேர்த்து உருளையில் எழுபது பட்டையாகச் சுற்றினால் வேலை முடிந்தது. மனுஷன் விட்டால்தானே? மங்கலத்துக்கு ஒன்று கூட்டி ஐயாயிரத்து நாற்பத்தொன்று என்று சீட்டில் எழுதிவிடுவார். அந்த ஒற்றை இழையைக் கடைசியில் தனியாகச் சுற்ற வேண்டும். தடி நூல் ஓடியவரை எப்படியோ தாங்கியது. இப்போது வந்திருப்பது சன்ன நூல். தனியாகச் சுற்றிய இழை விறைப்பில்லாமல் ஓரத்தில் அறுந்து அறுந்து, இரண்டு பாவு பாழாய்ப் போனது. பழி செல்வி தலையில் விழுந்தது.

அந்த ஒன்றை விட்டுவிடலாம் என்று கேட்டுப் பார்த்தாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

“மூணாவதும் அறுந்துச்சுன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம், செல்வி.”

வீட்டில் புருஷன் கால் முறிந்து படுத்திருக்கிறான். இவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. பாவு தொடங்க அரைமணி நேரம் இருந்தது. மிச்சமில்லாமல் வகுக்கிற கோன் கணக்கு ஏதாவது உண்டா என்று, கோன் வந்த பெட்டி அட்டையில் வகுக்க ஆரம்பித்தாள். பத்துக்குள் எதுவும் உதவாது. எதால் வகுத்தாலும் அண்ணாச்சி கூட்டிய அந்தப் பாழாய்ப்போன ஒன்றுதான் மிஞ்சும். பதினொன்றில் மூன்று மிச்சம். பதின்மூன்றில் பத்து. பதினேழு, பத்தொன்பது என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டது. அறுபத்தேழில் பதினாறு மிச்சம் நின்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுபத்திரண்டுக்கு மேல் ஸ்டாண்டில் கோன் மாட்ட இடமும் கிடையாது. பார்க்க மிச்சமிருந்தது எழுபத்தொன்று ஒன்றுதான்.

எழுபது எழுபத்தொன்று நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. இன்னும் ஒரு எழுபத்தொன்று சேர்த்தால் சரியாக ஐயாயிரத்து நாற்பத்தொன்று! இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தாள். எழுந்துபோய் ஒரு கோனைக் கழற்றிவைத்தாள்.

“அண்ணாச்சி, எழுபத்தொண்ணு கோன், எழுபத்தொண்ணு பட்டை. தனி இழையே கிடையாது.”

அவர் நம்பவில்லை. தறியில் பாவு ஏறியதிலிருந்து ஓரத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார். அவளும் சோறு தின்னாமல் நின்றாள். முதல் சேலை முழுசாக இறங்கியது. ஒரு இழைகூட அறுபடவில்லை.

அடுத்த பாவுச் சீட்டை எடுத்த அண்ணாச்சி, வழக்கமாகத் தானே எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார்.

“எத்தனை இழைன்னு நீயே போடு.”

செல்வி ஐயாயிரத்து நாற்பத்தொன்று என்றே எழுதினாள்.