காற்றுக் கசிவு என்றுதான் நினைத்தோம்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஏர் பைப் கசிந்தால், சத்தம் வரும் இடத்தில் கையை நீட்டித் தடவித்தான் கண்டுபிடிப்போம். அன்று கம்ப்ரஸர் ரூமுக்குப் பின்னால், நாங்கள் போகும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று நீளமாகக் கேட்டது.

"இன்னாடா, காலைலேர்ந்து லீக் ஆவுது," என்றபடி பைப்புகளுக்கு நடுவே கையை விட்டான் என் நண்பன் முருகன்.

உள்ளே இருந்தது கண்ணாடி விரியன்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வெறியோடு கம்பியை ஓங்கினேன். பாம்பு பிடிக்க வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதப்பா. விரியன் சட்டுனு ஓடாது, கிட்ட வராதேன்னு சீறும். காலைலேர்ந்து அதான் சொல்லிக்கினு இருந்துருக்கு."

கம்பியைக் கீழே போட்டேன். மறுநாள் முருகன் இறந்துவிட்டான்.

இப்போதும் எங்காவது அந்தச் சத்தம் கேட்டால், கை நீட்டுபவனை ஓடிப்போய் இழுத்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் வெறும் காற்றுதான்.

அன்றைக்கும் அப்படி இருந்திருக்கக் கூடாதா?