பட்டியலில் நான்காவது பெயர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆஸ்டின் டவுனில் டோரதிக்கு இது நடந்தது. மறு வாரமே என்னிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த காபியைக் குடிக்கவே இல்லை.

டோரதி வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்ப்பவள். கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால் சமையலறை ஸ்பீக்கர், படுக்கையறை ஸ்பீக்கர், அவள் போன் என்று மூன்றிலும் வயர் இல்லாமல் கேட்கும். அப்பா ஆண்டனிக்காகச் செய்த ஏற்பாடு அது. அவர் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருமுறை பாறை சரிந்து, பதினாறு மணி நேரம் இருட்டில் தனியாகக் கிடந்தார். அதன்பிறகு பாட்டுச் சத்தம் இல்லாத அறையில் அவருக்குத் தூக்கம் வராது. அவர் இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று பத்து. வெளியே மழை. அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாட்டு விட்டுவிட்டுக் கேட்கவே, டோரதி கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனாள்.

திரையில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் மூன்று பெயர்கள் இருக்க வேண்டும். நான்கு இருந்தன.

நான்காவது... 'அப்பா'.

அவர் தலைமாட்டில் இருந்த குட்டி ஸ்பீக்கருக்கு அவள் வைத்திருந்த பெயர். சாவு வீட்டுக் குழப்பத்தில் அது எங்கே போனதென்று அவளுக்குத் தெரியாது. சில கிலோமீட்டர் தள்ளி, தொம்மலூரில் அண்ணன் ஃபிராங்க்ளின் வீட்டில் இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் வயர் இல்லாத இணைப்பு அவ்வளவு தூரம் எட்டாது. சார்ஜ் போடாவிட்டால் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது.

அந்தப் பெயருக்கு நேரே சத்தத்தின் அளவு தானாக ஏறியது. இருபது... நாற்பது... நூறு.

இணைப்பைத் துண்டித்தாள். மூன்று பதினான்கு.

மூன்று பதினைந்துக்கு அது மறுபடி வந்தது.

மறுபடி துண்டித்தாள். மறுபடி வந்தது.

பாட்டையே நிறுத்தினாள்.

சமையலறை ஸ்பீக்கரில் மூச்சு வாங்கும் சத்தம்...

டொக். டொக். டொக்.

பலகையில் தட்டுவது போல.

பிறகு, அந்தக் கரகரத்த குரல்.

"நிறுத்தாதம்மா... இருட்டா இருக்கு."

பாட்டைப் போட்டாள். தட்டுவது நின்றது.

குழம்பு தீய்ந்து புகைந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அண்ணனுக்கு போன் செய்தாள். அப்பாவின் ஸ்பீக்கர் எங்கே என்று மட்டும் கேட்டாள். ஃபிராங்க்ளின் சொன்னது இதுதான்.

"உங்கிட்ட சொல்ல வேணான்னாரு அப்பா. பெட்டிய மூடறதுக்கு முன்னாடி, அவரு தலைக்குக் கீழ நான்தான் வச்சேன்."