மூக்கால் கொடுத்த சம்மதம்

பிளம்பருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுவரில் சுத்தியலை வைக்கும் முன், "உடைக்கட்டுமா? இவ்வளவு ஆகும்" என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். தலையை ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து "உடைங்க" என்று சொல்ல வேண்டும். அதுவரை ஒரு கீறல் விழாது. 'நான் எப்பச் சொன்னேன்?' என்று இன்றுவரை யாரும் அவரிடம் சண்டைக்கு வந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் செல்போன் பில் குண்டைத் தூக்கிப் போட்டது. பில்லைப் பார்ப்பது எப்போதும் மனைவிதான். 'காதல் ரகசியங்கள் - தினசரி சேவை' என்று ஒரு வரி, அதற்குத் தனிக் கட்டணம். போன மாத பில்லிலும் அதே. தலை நரைத்த மனுஷனுக்குக் காதல் ரகசியம்!

"நான் எதுவும் கேட்கப் போறதில்ல" என்று பில்லை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அதோடு பேச்சு நின்றது. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. பாவம், மனுஷன் நொந்து போனார். கம்பெனிக்குப் போன் போட்டால், "நீங்கதான் சார் 'சரி' அமுக்கியிருக்கீங்க" என்றார்கள். அதைப் போய் மனைவியிடமே சொன்னார். விவரம் கெட்டவர்.

ஒருநாள் சொந்த வீட்டுச் சமையலறைக் குழாயே ஒழுகியது. அவர் தொட்டிக்கு அடியில் படுத்து இரண்டு கையாலும் குழாயைப் பிடித்திருந்தார். மனைவி வாளியோடு பக்கத்தில் நின்றாள். முகத்தருகே கிடந்த போனில், திரையை அடைத்துக்கொண்டு ஏதோ ஒரு செய்தி. 'வேண்டாம்' என்பது ஓரத்தில் எறும்பு அளவுக்கு. 'சரி' கொட்டை எழுத்தில். சனியன் ஒழியட்டும் என்று மூக்கால் அதை ஒரு தட்டு தட்டினார்.

"என்ன பண்ணீங்க இப்ப?"

"குறுக்க வந்துச்சு, தள்ளிவிட்டேன். கை ஈரமா இருந்தா எப்பவும் இப்படித்தான்."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். 'தினம் ஒரு சிரிப்பு' சேவையில் சேர்ந்ததற்கு நன்றியாம், கட்டணம் பில்லில் வருமாம். அவளுக்கு வந்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது.

மறுநாள் இருவரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். பேசியது அவள்தான்.

"ஒரு செங்கல்லை உடைக்கக்கூட வாய் திறந்து சொல்லச் சொல்றவர் இவரு. நீங்க மூக்கு பட்டதுக்கெல்லாம் காசு வாங்குவீங்களா?"

அங்கிருந்த பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புகாரைப் பதிந்தாள், இரண்டு சேவையையும் நிறுத்தினாள், இனி இப்படிக் காசு பிடிக்கும் வெளியார் சேவை எதுவும் நுழையாதபடி பூட்டுப் போட்டாள். பிடித்த காசு அடுத்த பில்லில் கழியும் என்றாள். இந்தப் பூட்டை முதல் நாளே போட்டுக் கொடுத்தால் என்னவாம்? தொல்லை தாங்காமல் தள்ளிவிட்டதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

வெளியே வந்ததும் பிளம்பர் சொன்னார்: "காசு வந்துடும். நீ பேசாம இருந்த நாளெல்லாம் வருமா?"

அவள் நின்றுவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"உடைக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்க" என்றாள். "நான் கேக்கலியே."